சோறும் வைக்கோலும் ஒரே சர்க்கரைதான்! வித்தியாசம் எங்கே? வடிவத்துக்கு வரைபடம் போட்ட ஜி.என்.ராமச்சந்திரனின் கதை

சம்பா அறுவடை முடிகிற தை, மாசியில் தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு பக்கமோ பாபநாசம் பக்கமோ பைக்கில் போனால், ஒரே வயலிலிருந்து இரண்டு லோடு கிளம்புவதைப் பார்க்கலாம். ஒன்றில் நெல் மூட்டை, கொள்முதல் நிலையத்துக்கு. இன்னொன்றில் உருளை உருளையாகக் கட்டிய வைக்கோல், மாட்டுக்கு. அரிசி நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?

இருக்கு. அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. வைக்கோலில் முக்கியமான பொருள் செல்லுலோஸ். இரண்டையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒரே பொருள்தான்: குளுக்கோஸ். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிறார்களே, அதே குளுக்கோஸ். ஒரே பயிர், ஒரே வெயில், ஒரே காவிரித் தண்ணீர், ஒரே சர்க்கரை. ஆனாலும் வீட்டில் அரிசி தீர்ந்து, கொல்லையில் வைக்கோல் போர் மலை மாதிரி நின்றாலும், அதைத் தின்று ஒரு மனிதன் பசியாற முடியாது.

காரணம், மணிகளைக் கோர்த்த விதம். ஒரு குளுக்கோஸை அடுத்த குளுக்கோஸோடு இணைக்கும் பிணைப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் சோற்றுக்கும் வைக்கோலுக்கும் நடுவே இருக்கும் கோடு.

ஒரு மூலக்கூறில் என்னென்ன அணுக்கள் இருக்கின்றன என்பதோடு நிற்காமல், அவை வெளியில் எப்படி நிற்கின்றன என்று கேட்பது முப்பரிமாண வேதியியல். அந்தக் கேள்வியைச் சென்னை கிண்டியில் உட்கார்ந்து கேட்டு, உலகம் இன்றும் பயன்படுத்தும் ஒரு வரைபடத்தைப் போட்டவர் ஜி.என்.ராமச்சந்திரன். பயோடெக், பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு ராமச்சந்திரன் பிளாட் என்றால் உடனே தெரியும், பரீட்சைக்குப் படம் வரைந்திருப்பார்கள். ஆனால், பாடப்புத்தகத்தில் அது புரதத்தோடு முடிந்துவிடுகிறது. அதே ஆய்வுக்கூடம் அரிசி மாவுச்சத்துக்கும் அதே கணக்கைப் போட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டெல்டாக்காரர்களுக்கு அந்தப் பாதிதான் நெருக்கமானது.

மலைக்கோட்டை ஊரில் மூன்று வருஷம்

பெயரில் இருக்கும் 'ஜி', கோபாலசமுத்திரம். திருநெல்வேலிப் பக்கத்து ஊர், குடும்பத்தின் பூர்வீகம். ராமச்சந்திரன் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8 அன்று. அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்தால் பிள்ளைக்குக் கணக்கு பிடிக்கும் அல்லது அடியோடு பிடிக்காமல் போகும். ராமச்சந்திரனுக்குப் பிடித்தது. வாழ்நாள் முழுக்க அவர் எந்தத் துறைக்குப் போனாலும் கூடவே கணக்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு சின்னத் தகவல்: டெல்டாவின் நெல் ரகங்கள் பலவற்றுக்குத் தாய்வீடான ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்கமும் அதே 1922-தான். ஏடிடி என்று ஆரம்பிக்கும் ரகமெல்லாம் அங்கிருந்து வந்தவை. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கதையின் கடைசியில் ஆடுதுறை மாதிரியான ஓர் இடத்துக்கு நாம் திரும்பி வருவோம்.

1939-ல் அவர் படிக்க வந்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், மலைக்கோட்டை நிழலில், காவிரியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஜெசூட் பாதிரிமார் கல்லூரி. அங்கே இயற்பியல் ஆனர்ஸ் படித்தார். டெல்டா தொடங்கும் இடத்தில் கழிந்த அந்த மூன்று வருஷம்தான் அவரை இயற்பியல்காரர் ஆக்கியது.

1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்! அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சி.வி.ராமன். பையனின் திறமையைப் பார்த்த ராமன், இவன் உங்களுக்கு வேண்டாம், என்னிடம் விட்டுவிடுங்கள் என்கிற ரீதியில் பேசித் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். இன்றைய பாஷையில் சொன்னால் டிபார்ட்மென்ட் டிரான்ஸ்ஃபர். அது நடக்காமல் போயிருந்தால் நல்ல மின்பொறியாளர் ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

வலம்புரியும் இடம்புரியும்

ராமனிடம் ராமச்சந்திரன் கற்றது ஒளியும் படிகமும். வைரம், குவார்ட்ஸ் போன்ற படிகங்களுக்குள் ஒளியும் எக்ஸ்-ரேயும் போனால் என்ன ஆகும் என்று பார்ப்பது. அதில் ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் சர்க்கரைக் கதை புரியாது.

சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இரண்டு உண்டு. இரண்டும் சங்குதான், ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் இன்னொன்று. ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி. பல மூலக்கூறுகளும் இப்படித்தான். குளுக்கோஸும் அப்படித்தான். அதற்கும் ஒரு கண்ணாடிப் பிம்பம் உண்டு, ஆய்வுக்கூடத்தில் செய்யவும் செய்யலாம். ஆனால் நெல்லோ கரும்போ தேனோ, இயற்கையில் நமக்குக் கிடைக்கும் குளுக்கோஸ் எல்லாம் ஒரே கை. வேதியியல்காரர்கள் அதை டி-குளுக்கோஸ் என்பார்கள். நம் உடம்பும் அந்தக் கைக்குத்தான் பழகியிருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியைச் சர்க்கரைக் கரைசல் வழியாக விட்டால், அந்தத் தளம் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்துச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடலாம். தஞ்சாவூர் பக்கம் குருங்குளம் சர்க்கரை ஆலை தெரியுமல்லவா? அது மாதிரியான ஆலைகளின் லேபில் கரும்புச் சாற்றை அளப்பது இந்த முறையில்தான். லோடு இறக்கிவிட்டு டீக்கடையில் காத்திருக்கும் விவசாயிக்கு, உள்ளே தன் கரும்பின் தரத்தைச் சொல்வது முப்பரிமாண வேதியியல்தான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குளுக்கோஸின் கையை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஜெர்மனியின் எமில் ஃபிஷர். குளுக்கோஸுக்கு உள்ள அதே அணுக்களை அதே வரிசையில் வைத்துக்கொண்டு, திசைகளை மட்டும் மாற்றினால் 16 வெவ்வேறு சர்க்கரைகள் வரும். 8 ஒரு கை, 8 மறு கை. அதில் குளுக்கோஸ் எது? எக்ஸ்-ரே எதுவும் இல்லாத காலத்தில், வெறும் வினைகளையும் ஒளி திரும்புவதையும் வைத்துத் துப்பறிவாளர் மாதிரி 1891-ல் அவர் விடை சொன்னார். 1902-ல் நோபல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு வேறு வழியில்லை: வலதா, இடதா என்பதைக் காசு சுண்டுகிற மாதிரி தோராயமாக ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டார். அவர் வைத்தது சரி என்று நெதர்லாந்தின் பைவுட் எக்ஸ்-ரே மூலம் நிரூபித்தது 1951-ல். ஃபிஷர் இறந்து அப்போது 32 வருஷம் ஆகியிருந்தது.

பைவுட் பயன்படுத்திய அந்த எக்ஸ்-ரே விளைவை எடுத்து, முழுப் படிக அமைப்பையே கண்டுபிடிக்கும் முறையாக 1956-ல் முன்வைத்தவர்களில் ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் எஸ்.ராமனும் உண்டு. (இவர் வேறு ராமன்!)

கிண்டியில் ஒரு கங்காரு வால்

1947-ல் கேம்பிரிட்ஜ் போனார், டாக்டர் பட்டம் வாங்கினார், 1949-ல் திரும்பி வந்தார். அந்த இரண்டு வருஷத்தில் முக்கியமானது ஒன்று: அமெரிக்காவின் லைனஸ் பாலிங் அங்கே பேசியதை அவர் கேட்டார். மூலக்கூறு மாதிரியைக் கையால் கட்டிப் பார்த்தே அமைப்பைச் சொல்லிவிடலாம் என்று காட்டியவர் பாலிங். அது ராமச்சந்திரனுக்குள் தங்கிவிட்டது.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் முதலில் கேட்டது சி.வி.ராமனை. ராமன் மறுத்துவிட்டுத் தன் மாணவரைக் கைகாட்டினார். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது 30. இன்றைக்கு அந்த வயதில் பலர் இன்னும் போஸ்ட்-டாக் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில் சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, தசைநாண் என்று உடம்பை இழுத்துப் பிடித்திருக்கும் புரதம் அது. ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கூட கோபிநாத் கர்த்தா. பொருள் எங்கே கிடைக்கும்? பக்கத்தில்தான் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் வந்தது. எக்ஸ்-ரே படம் எடுத்தார்கள், மாதிரி கட்டினார்கள். 1954-ல் நேச்சர் இதழில் விடை வந்தது: கொலாஜன் ஒற்றை இழை இல்லை, மூன்று இழைகள் சேர்ந்த முறுக்கு. 1955-ல் அதைத் திருத்தி, மூன்று இழையும் சேர்ந்து ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன என்றார்கள், பூக்கட்டும் நார் முறுக்கின மாதிரி.

இங்கேதான் அடி விழுந்தது. டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதே 1955-ல் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று இழை சரி. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றோடொன்று மிக நெருங்கி நிற்கின்றன, அவ்வளவு நெருக்கம் சாத்தியமில்லை என்றார்கள். இழைகளைப் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ராமச்சந்திரன் சொன்னபடி இரண்டு இல்லை, ஒன்றுதான் என்பதும் அவர்கள் வாதம். அந்த ஒன்றைப் பற்றி அவர்கள் சொன்னதுதான் பின்னால் நிலைத்தது. மூன்று இழை என்ற அடிப்படை யோசனை முதலில் வந்தது சென்னையிலிருந்து என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். நம்ம ஆள் என்பதற்காகப் பாதியை மட்டும் சொல்லும் ஃபார்வர்டு மெசேஜ்கள் நிறைய உலவுகின்றன.

இடித்துக்கொள்ளாமல் நிற்பது எப்படி?

விமர்சனம் வந்தால் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். ஒன்று, கோபப்பட்டுப் பதில் கட்டுரை எழுதுவது. ராமச்சந்திரனுக்கும் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. அணுக்கள் ரொம்பக் கிட்ட வந்துவிட்டன என்கிறார்களே, எவ்வளவு கிட்ட வந்தால் ரொம்பக் கிட்ட?

அதற்கு அப்போது தெளிவான பதில் கிடையாது. அதனால் வி.சசிசேகரனோடு சேர்ந்து, அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் புரட்டினார். கார்பனும் கார்பனும் குறைந்தபட்சம் எவ்வளவு தூரத்தில் நின்றிருக்கின்றன? கார்பனும் ஆக்சிஜனும்? பட்டியல் தயாரானது. வழக்கமாக இவ்வளவு, விட்டுக்கொடுத்தால் இவ்வளவு என்று இரண்டு எல்லைகள்.

பிறகு அந்த அளவுகோலைப் புரதச் சங்கிலி மேல் வைத்தார். புரதத்தின் ஒவ்வொரு கண்ணியிலும் சுதந்திரமாகத் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டுதான். ஒன்றின் கோணத்துக்கு ஃபை, மற்றதுக்கு சை என்று பெயர். ஒன்றைக் கிடைமட்டக் கோட்டிலும் மற்றதைச் செங்குத்துக் கோட்டிலும் போட்டால் ஒரு சதுரம் கிடைக்கும். சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் சங்கிலியின் ஒரு நிலை. எந்தப் புள்ளிகளில் அணுக்கள் இடித்துக்கொள்ளாமல் நிற்க முடியும்?

காலை எட்டரை மணிக்குத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தோளை ஒரு பக்கம் திருப்பலாம், முழங்கையை ஒரு பக்கம் மடக்கலாம். கணக்குப்படி எத்தனையோ விதமாக நிற்கலாம். நிஜத்தில், பக்கத்தில் இருப்பவர் முகத்தில் இடிக்காமல் நிற்க இரண்டு மூன்று விதம்தான் இருக்கும். புரதத்துக்கும் அதே கதி. கணக்கைப் போட்டவர் சி.ராமகிருஷ்ணன், கம்ப்யூட்டர் இல்லை, மேசைக் கணக்குப்பொறிதான். முடிவில் சதுரத்தின் கால் பங்கு இடம்கூடத் தேறவில்லை. மீதி எல்லாம் தடை செய்யப்பட்ட பிரதேசம். பாலிங் சொன்ன ஆல்பா சுருள், பீட்டா தகடு, தங்கள் கொலாஜன் எல்லாம் அனுமதிக்கப்பட்ட தீவுகளில் சரியாகப் போய் உட்கார்ந்தன.

1963-ல் மூவர் பெயரில் வெளியான அந்தக் கட்டுரைதான் ராமச்சந்திரன் பிளாட். இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தால், அது சரியா என்று பார்க்க இந்தப் படத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். ஏஐ கணித்துத் தரும் புரத வடிவங்களுக்கும் இதே தேர்வுதான்.

அரிசியின் முறை

ஃபை, சை கணக்கில் ஒரு அழகு இருக்கிறது. அது புரதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. கண்ணி கண்ணியாகக் கோர்த்த எந்தச் சங்கிலிக்கும், கண்ணிகளுக்கு நடுவே திரும்பும் பிணைப்பு இரண்டு இருந்தால், இதே சதுரத்தைப் போடலாம். அரிசி மாவுச்சத்தும் அப்படி ஒரு சங்கிலிதான்.

குளுக்கோஸ், ஆறு முனை உள்ள ஒரு வளையம். தட்டையாக இருக்காது, சாய்வு நாற்காலி மாதிரி வளைந்திருக்கும். ஒரு வளையத்தின் 1-ஆம் கார்பனும் அடுத்த வளையத்தின் 4-ஆம் கார்பனும் நடுவில் ஓர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கைகோர்க்கின்றன. அந்த ஆக்சிஜனின் இரண்டு பக்கமும் இரண்டு பிணைப்பு. அதாவது இரண்டு கோணம். ஃபை, சை!

இப்போது முக்கியமான இடம். 1-ஆம் கார்பனில் அந்த ஆக்சிஜன் இரண்டு விதமாக நிற்கலாம். வளையத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆல்பா. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றால் அது பீட்டா. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், ஆயிரக்கணக்கான மணிகளைக் கோர்த்துக்கொண்டே போகும்போது இந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது.

ஆல்பா வழியில் கோர்த்தால், ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதைவிடக் கொஞ்சம் ஒரே பக்கமாகத் திரும்பும். திரும்பித் திரும்பிச் சங்கிலி சுருளாகிவிடும், அச்சில் பிழிந்து சுற்றிய முறுக்கு மாதிரி. பீட்டா வழியில் கோர்த்தால், ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகப் புரண்டு நிற்கும். ஒரு புரட்டை அடுத்த புரட்டு ஈடுகட்டிவிடுவதால் சங்கிலி வளையாது, மூங்கில் கழி மாதிரி நேராகப் போகும். நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக்கிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போக இடமிருக்காது.

சுருள் சங்கிலி, அரிசி. நேர்ச் சங்கிலி, வைக்கோல்.

நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் நொதி, ஆல்பா பிணைப்பை வெட்டத்தான் செய்யப்பட்டது. அதனால்தான் சோற்றை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் மென்றால் லேசாக இனிக்கிறது. பீட்டா பிணைப்பு அதன் பிடிக்குள் பொருந்தாது. பசுவாலும் சொந்தமாக அதை வெட்ட முடியாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வெட்டித் தருகின்றன, மாடு அசைபோட்டு அவற்றுக்கு உதவுகிறது. வைக்கோலில் லிக்னின், சிலிக்கா என்று வேறு கடினச் சரக்கும் இருப்பது உண்மை. ஆனால் அதையெல்லாம் நீக்கிச் சுத்தமான செல்லுலோஸாகவே கொடுத்தாலும் நம்மால் செரிக்க முடியாது. பஞ்சு சாப்பிட்டுப் பசி தீராது என்பது அதனால்தான்.

ராமச்சந்திரனின் குழு இந்தச் சங்கிலிகளுக்கும் இடிக்காமல் நிற்கும் கணக்கைப் போட்டது. வி.எஸ்.ஆர்.ராவ், பி.ஆர்.சுந்தரராஜன், ராமகிருஷ்ணன், ராமச்சந்திரன் நால்வரும் சேர்ந்து அமைலோஸின் வடிவங்கள் பற்றி எழுதிய கட்டுரை 1967-ல் வந்தது. உயிர்ச் சங்கிலிகளின் வடிவங்கள் குறித்துச் சென்னையில் அந்த ஆண்டு நடந்த சர்வதேசக் கருத்தரங்கின் தொகுப்பில் அது இருக்கிறது. அமைலோஸ் என்பது அரிசி மாவுச்சத்தின் கிளையில்லாத பகுதி. கிளை கிளையாகப் பிரிவது அமைலோபெக்டின்.

புரதத்தைவிடச் சர்க்கரைக்குச் சதுரத்தில் கிடைத்த இடம் இன்னும் குறைவு. பருமனான வளையங்கள் நெருக்கமாக நிற்பதால் கையைக் காலை நீட்ட இடமில்லை. ஆனால் அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே அமைலோஸ் ஏன் சுருளாகிறது, செல்லுலோஸ் ஏன் நீள்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. விருப்பப்பட்டு எடுத்த வடிவம் இல்லை, வேறு வழியில்லாமல் எடுத்த வடிவம். ஒரு சுற்றுக்கு 6 குளுக்கோஸ் வீதம் அமைலோஸ் எடுக்கும் சுருள் ஒன்று உண்டு. வலம்புரியா, இடம்புரியா என்று கேட்டால், அது இடம்புரி.

இந்தச் சுருள் விவகாரத்தை நாம் தினமும் சமையலறையில் பார்க்கிறோம். அமைலோஸ் கூடுதலாக இருக்கும் அரிசி உதிரி உதிரியாக வேகும், நம் ஊர்ச் சாப்பாட்டு அரிசி அந்த வகை. அமைலோஸ் அநேகமாக இல்லாத அரிசி கையில் ஒட்டும், கிழக்காசிய நாடுகளின் ஒட்டரிசி மாதிரி. வேகும்போது சங்கிலிகள் அவிழ்கின்றன. ஆறினால் மறுபடி ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு இறுகுகின்றன. ஃப்ரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்துப்போவது இதனால்தான். அப்படி இறுகிய பகுதியில் கொஞ்சம் நம் நொதிக்கு எளிதில் அகப்படாமல் குடலின் கீழ்ப்பகுதிவரை போய்விடும், பழைய சோறு பற்றிய இப்போதைய ஆர்வத்துக்கு அதுவும் ஒரு காரணம். பழைய சோறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது ரீல்ஸ் போட்டால் அதை நம்ப வேண்டாம்.

புரத வரைபடம் உலகப் புகழ் பெற்றது, சர்க்கரை வரைபடம் துறைக்காரர்களோடு நின்றுபோனது. ஏன்? புரதம் ஒழுங்காகப் படிகமாகும், ஒவ்வொன்றுக்கும் தெளிவான ஒரு வடிவம் உண்டு. சர்க்கரைச் சங்கிலிகள் நீளம் ஒரே மாதிரி இருக்காது, கிளைவிடும், நல்ல படிகம் தராது. சரிபார்க்கக் கடினமான இடத்தில் எவ்வளவு நல்ல கணக்குப் போட்டாலும் கைதட்டல் குறைவுதான். மருந்து நிறுவனங்களின் பணமும் புரதத்தின் பக்கமே போனது. நியாயமாகப் பார்த்தால், சோறு தின்னும் ஒரு நாட்டில் பாடப்புத்தகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

சென்னையை விட்டு

1969-ல் லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தர் பதவியிலிருந்து போனார். 27 வருஷம் இருந்தவர், ராமச்சந்திரனுக்குக் குடை மாதிரி இருந்தவர். அடுத்த வருஷமே ராமச்சந்திரன் சென்னையை விட்டுக் கிளம்பிவிட்டார். கங்காரு வாலிலிருந்து அரிசி மாவு வரை பதினெட்டு வருஷம் கட்டி எழுப்பிய கூடத்தை நடுவில் விட்டுவிட்டுப் போவது சாதாரண முடிவு இல்லை. நல்ல ஆய்வுக்கூடம் தனிமனிதர்களின் நல்லெண்ணத்தில் நின்றால் இதுதான் நடக்கும்.

சிகாகோவில் சில காலம் இருந்தார். 1971-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சதீஷ் தவான் இயக்குநராக இருந்தபோது, மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். இளைஞனாக மின்பொறியியல் படிக்கப் போய் இறங்கிய அதே வளாகம். வி.எஸ்.ஆர்.ராவ் சர்க்கரை ஆய்வை அங்கே பல ஆண்டுகள் முன்னெடுத்துப் போனார்.

அதே 1971-ல் ராமச்சந்திரன் செய்த இன்னொரு வேலை, வேறு யாராவது செய்திருந்தால் அதுவே வாழ்நாள் சாதனையாக இருந்திருக்கும். ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-ரே நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதை முப்பரிமாணத்தில் வேகமாக மீட்டெடுக்கும் கணக்கைக் கொடுத்தார். சி.டி.ஸ்கேன் மென்பொருளில் ராம்-லாக் ஃபில்டர் என்று இருப்பது இவர்கள் இருவரின் பெயர்தான். அறிவியல் பக்கமே போகாதவர்கள்கூட ஸ்கேன் சென்டரில் படுக்கும்போது அவரைச் சந்தித்திருக்கலாம்.

1961-ல் பட்நாகர் விருது, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி. நோபல் வரவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் விஞ்ஞானிகள் பலர். 1999-ல் சர்வதேசப் படிகவியல் சங்கத்தின் எவால்ட் பரிசு வந்தபோது, அவர் பார்க்கின்சன் நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் மனைவி ராஜலட்சுமி இறந்திருந்தார். 1945-ல் திருமணம், 53 வருஷ வாழ்க்கை. அந்த இழப்பிலிருந்து ராமச்சந்திரன் மீளவே இல்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். மகன் ரமேஷ் நாராயண் இன்று உலகறிந்த வானியற்பியலாளர், கருந்துளையை முதலில் படம்பிடித்த குழுவில் ஒருவர்.

மனைவியை இழந்த அதே 1998-ல்தான், அவருடைய பழைய சகா வி.எஸ்.ஆர்.ராவ், வேறு சிலரோடு சேர்ந்து கார்போஹைட்ரேட்டுகளின் வடிவங்கள் பற்றி முழுநீள நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். கிண்டியில் அமைலோஸுக்குப் போட்ட கணக்கு வளர்ந்து ஒரு புத்தகமாகியிருந்தது.

இனி ஆடுதுறை மாதிரியான இடத்துக்கு. புது நெல் ரகம் ஒன்று வந்தால், விளைச்சல் மட்டும் பார்த்து அதை வெளியிட மாட்டார்கள். சோறு எப்படி வேகும், உதிருமா, குழையுமா என்றும் பார்ப்பார்கள். அதற்கு அரிசி மாவைக் கரைத்து, அதில் அயோடின் விடும் ஒரு சோதனை உண்டு. பள்ளிக்கூட லேபில் நாமும் செய்ததுதான், கரைசல் நீலமாகும். எவ்வளவு நீலம் என்பதைக் கருவியில் அளந்து, அமைலோஸ் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள். அயோடினுக்கென்று அந்த நீலம் கிடையாது, மாவுச்சத்துக்கும் கிடையாது. ஒரு சுற்றுக்கு 6 குளுக்கோஸாகச் சுருண்டிருக்கும் அமைலோஸின் குழாய்க்குள் அயோடின் அணுக்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்தால்தான் அந்த நிறம் வருகிறது. வைக்கோலின் செல்லுலோஸில் அதே அயோடினை விட்டால் நீலமாகாது. உள்ளே போய் உட்கார அங்கே சுருள் இல்லை.